பணம் வரும் வழிகள் பல. சாவி சங்கத்திடம் இருக்கட்டும்

தனித்து நிற்பவன் ஒருவனையே நம்பி நிற்க நேரும். கூடி நிற்பவர்கள் பலரோடும் பேசி நல்லதைத் தேர்ந்துகொள்ளலாம். கூட்டுறவு இயக்கத்தின் வேர் இந்த எளிய உண்மையில்தான் ஊன்றியிருக்கிறது. நூலை ஒரே முதலாளியிடம் வாங்கி, நெய்த சேலையை அவரிடமே ஒப்படைத்து, அவர் வைத்ததே கூலி என்று பெற்றுவந்த நெசவாளருக்குத் தறி சொந்தமாயிருந்தது; தொழில் சொந்தமாயிருக்கவில்லை. விதைக்கும் எருவுக்கும் ஒரே லேவாதேவிக்காரரிடம் கைநீட்டிய குடியானவருக்கு நிலம் சொந்தமாயிருந்தது, விளைச்சல் சொந்தமாயிருக்கவில்லை. இந்நிலையை மாற்றும் நோக்கோடு 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் திரூரில் வேளாண்மைக் கடன் சங்கமும், அக்டோபர் மாதத்தில் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுச் சங்கமும் பதிவாயின. இரண்டும் அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை என்பது நமது வட்டாரத்து அங்கத்தினர்கள் பெருமையோடு நினைவுகூரத்தக்க செய்தியாகும்.

அந்தப் பழைய கேள்வி இன்று புதிய உடை தரித்து நம் வாசலுக்கு வந்திருக்கிறது. ‘யாரிடம் கடன் வாங்குவது, யாரிடம் விற்பது?’ என்பது அன்றைய கேள்வி. ‘விற்ற பொருளின் பணம் யார் வழியாக நம் சங்கத்தை வந்தடைகிறது? அந்த வழி அடைபட்டால் நமக்கு வேறு வழி உண்டா?’ என்பது இன்றைய கேள்வி. இது கணினி அறிந்தவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணி அங்கத்தினர்கள் ஒதுங்கி நிற்றல் தகாது. கைத்தறிச் சங்கத்தில் விற்பனைப் பணம் தாமதப்பட்டால் தாமதப்படுவது நெசவாளரின் கூலி. வேளாண்மைச் சங்கத்தில் தாமதப்பட்டால் தாமதப்படுவது அடுத்த போகத்துக்கான எரு. ஆகவே இதைப் பற்றிப் பேரவையில் பேசும் உரிமையும் கடமையும் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உண்டு.

வாங்குவோர் மாறினர், பணம் வரும் வகையும் மாறிற்று

பிள்ளைப்பாக்கத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் நோக்குவோம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இவ்வட்டாரத்தில் இன்று சிப்காட் தொழிற்பூங்காக்கள் பரந்து நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு முதல் ஹூண்டாய்க் கார்களும், ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டு முதல் ரெனோ, நிசான் கார்களும் உற்பத்தியாகி வருகின்றன. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய குடியிருப்பு 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தென்மாவட்டத்துப் பெண்களும், ஒடிசா, பீகார், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்களும் இங்கு வேலை செய்கின்றனர். அரிசியும் காய்கறியும் வாங்குவோர் அவர்களே. ஊருக்குச் செல்லும்போது தாய்க்கொரு கைத்தறிச் சேலை வாங்கிச் செல்வோரும் அவர்களே.

அவர்களுள் பெரும்பாலோர் சட்டைப்பையில் ரூபாய் நோட்டு வைத்திருப்பதில்லை, கைப்பேசி வைத்திருக்கின்றனர். ஒருவர் கூகுள் பே என்கிறார். ஒருவர் போன்பே என்கிறார். மற்றொருவர் பேடிஎம் என்கிறார். காஞ்சிபுரத்துப் பட்டை இணையத்தில் கண்டு சிங்கப்பூரிலிருந்து கேட்கும் தமிழரோ தம் வங்கி அட்டையில் பணம் செலுத்த விரும்புகிறார். பொருள் ஒன்று, பணம் செலுத்தும் வகையோ பல. இத்தனை வகைக்கும் சங்கம் எங்ஙனம் இடம் கொடுப்பது?

தேசம் கண்ட ஒரு விடை

சில ஆண்டுகளுக்கு முன் கடைகளின் பணப்பெட்டி அருகே நான்கைந்து க்யூஆர் அட்டைகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் அட்டை. ஓர் அட்டையை மற்றொரு நிறுவனத்தின் செயலி படிக்காது. இத்தொல்லைக்குத் தீர்வு கண்டது யுபிஐ என்னும் பொது ஏற்பாடு. இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் 21 வங்கிகளோடு அதைச் சோதனை முறையில் தொடங்கியது. வாங்குபவர் எந்தச் செயலியை வைத்திருந்தாலும், எந்த வங்கியில் கணக்கு வைத்திருந்தாலும், விற்பவரின் வங்கி எதுவாயிருந்தாலும், செய்தி ஒரே வடிவில் செல்லும்; பணம் உடனே சேரும். 2020ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் ரிசர்வ் வங்கி மற்றுமோர் ஆணை பிறப்பித்தது. ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரிய புதிய க்யூஆர் குறிகளை இனி வெளியிடலாகாது என்றும், பழையவற்றை 2022 மார்ச் 31க்குள் எல்லாச் செயலிகளும் படிக்கத்தக்க பொதுக் குறியாக மாற்றிவிட வேண்டும் என்றும் அது விதித்தது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் யுபிஐ வழி நடந்த கொடுக்கல் வாங்கல்கள் ஒரே மாதத்தில் 1,000 கோடியைக் கடந்தன. வடிவம் பொதுவானால் வாணிபம் பெருகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எனினும் யுபிஐ ஒன்றே முழு விடையன்று. இணையத்தில் கடை விரிக்கும் சங்கத்துக்கு வங்கி அட்டை, இணைய வங்கி, தவணை முறை, வெளிநாட்டு வாடிக்கையாளர் என்று பல வழிகள் வேண்டும். அவற்றை ஒருங்கே ஏற்பாடு செய்து தருவோரை ‘பேமெண்ட் கேட்வே’ நிறுவனங்கள் என்று வழங்குகிறோம். ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேயு, சிசிஅவென்யூ என்று அவை பல. இவை வாங்குபவரிடமிருந்து பணத்தைப் பெற்று, தமக்குரிய கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, மீதியைச் சில நாளில் சங்கத்தின் கணக்கில் செலுத்துகின்றன. இங்கேதான் பழைய தொல்லை மீண்டும் தலைகாட்டுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மொழி பேசுகிறது.

ஓர் உதாரணம் கூறுவோம். ரூ. 12,500 விலையுள்ள பட்டுச் சேலைக்கு ரேசர்பேயிடம் பணம் கேட்கும்போது தொகையைப் பைசாவில் சொல்ல வேண்டும்; அதாவது 1250000 என்று எழுத வேண்டும். கேஷ்ஃப்ரீயிடம் கேட்கும்போது ரூபாயிலேயே 12500 என்று எழுத வேண்டும். ஒன்றுக்கென எழுதிய மென்பொருளை மற்றொன்றுக்குக் கவனமின்றி மாற்றினால், பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சேலை நூற்றிருபத்தைந்து ரூபாய்க்குப் போய்விடும். பணம் வந்துவிட்டது என்பதைத் தெரிவிக்கும் சொல்லும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. செய்தி உண்மையானதுதான் என்று உறுதி செய்யும் முத்திரை முறையும் வேறு. பணத்தைத் திருப்பித் தரும் முறையும் வேறு.

பொது இடைமுகம் என்பது யாது?

இவ்வேற்றுமைகளை ஓரிடத்தில் தாங்கிக்கொண்டு, சங்கத்தின் விற்பனைப் பக்கத்துக்கு ஒரே முகத்தைக் காட்டும் மென்பொருளையே பொது இடைமுகம் என்கிறோம். நெசவாளர்களுக்கு இதை விளக்குவது கடினமன்று. தறியில் ஒரு பாவு முடியும் தறுவாயில், அச்சிலும் விழுதிலும் கோத்த இழைகளை எல்லாம் உருவிவிட்டு மீண்டும் முதலிலிருந்து கோப்பாருண்டோ? இல்லை. பழைய பாவின் இழை முனைகளோடு புதிய பாவின் இழை முனைகளைப் பிணைத்து இழுத்துக்கொள்கின்றனர். அச்சும் விழுதும் அப்படியே நிற்கும்; நூல் எந்த ஆலையிலிருந்து வந்தாலும் நெசவு தொடரும். பொது இடைமுகம் அந்த அச்சையும் விழுதையும் போன்றது. கேட்வே நிறுவனம் புதிய பாவு. நிறுவனம் மாறினால் பிணைக்கும் இடத்தில் மட்டும் வேலை. தறியைக் கழற்ற வேண்டுவதில்லை.

இத்தகைய இடைமுகத்தில் ‘பணம் கேள்’, ‘வந்ததா என்று பார்’, ‘திருப்பிக் கொடு’, ‘நாள் கணக்கைத் தா’ என்ற நான்கு கட்டளைகள் இருந்தால் பெரும்பாலான சங்கங்களுக்குப் போதும். ஒவ்வொரு கேட்வேக்கும் ஒரு சிறு மொழிபெயர்ப்புப் பகுதி இருக்கும். ரூபாயைப் பைசாவாக்குவது, பலவகைச் சொற்களை ஒரே சொல்லாக்குவது, முத்திரையைச் சரிபார்ப்பது எல்லாம் அப்பகுதியின் பொறுப்பு.

இக்கருத்து புதிதன்று. கனடா நாட்டு ஷாப்பிஃபை நிறுவனத்தார் தம் இணையக் கடைக்காக எழுதிய ‘ஆக்டிவ் மெர்ச்சன்ட்’ என்னும் பொது மென்பொருள் 2006ஆம் ஆண்டு முதல் வழக்கிலிருக்கிறது. பல கேட்வே நிறுவனங்களை ஒரே கட்டளைத் தொகுதியால் ஆள்வதே அதன் நோக்கம். நம் நாட்டிலும் பெங்களூரைச் சேர்ந்த ஜஸ்பே நிறுவனத்தார் ‘ஹைப்பர்ஸ்விட்ச்’ என்னும் மென்பொருளை, எவரும் எடுத்துப் படிக்கவும் தம் கணினியில் நிறுவிக்கொள்ளவும் உரிமை தந்து வெளியிட்டுள்ளனர்.

ஒன்றையே நம்புவதன் ஆபத்து

‘ஒரு கேட்வே ஒழுங்காக வேலை செய்யும்போது இரண்டாவது எதற்கு?’ என்று நிர்வாகக் குழுவினர் சிலர் கேட்பதுண்டு. இதற்கு விடையாக இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் மாலை யெஸ் வங்கியின் கொடுக்கல் வாங்கலுக்கு ரிசர்வ் வங்கியின் பரிந்துரையின்மேல் மத்திய அரசு தடை விதித்தது. போன்பே நிறுவனம் அந்நாளில் தன் யுபிஐ வேலை முழுவதற்கும் அந்த ஒரு வங்கியையே நம்பியிருந்தது. அதனால் கோடிக்கணக்கான மக்கள் கையிலிருந்த போன்பே செயலி அன்றிரவே முடங்கிற்று. ஐசிஐசிஐ வங்கியோடு அவசரமாக இணைந்த பிறகுதான், ஏறத்தாழ ஒரு நாள் கழித்து, அது மீண்டும் இயங்கத் தொடங்கிற்று. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை.

2024ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கியின்மேல் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகளை அறிவித்தது. மார்ச் 15ஆம் நாளுக்குப் பின் அந்த வங்கியின் கணக்குகளில் புதிதாகப் பணம் வரவு வைக்கலாகாது என்பது இறுதியாக வகுக்கப்பட்ட எல்லை. விற்பனைப் பணம் அந்த வங்கிக் கணக்கில் வந்து சேருமாறு ஏற்பாடு செய்திருந்த வணிகர்கள் வேறு வங்கிக்கு மாற வேண்டியதாயிற்று. மாறுவதற்குக் கிடைத்த அவகாசம் ஆறு வாரமே.

இந்த இரண்டிலும் வணிகர் செய்த பிழை யாதொன்றும் இல்லை. பொருள் நல்லது, கணக்கு நேரானது, வாங்குவோரும் இருந்தனர். வழி ஒன்றாயிருந்ததே குறை. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஒரு கைத்தறிச் சங்கத்துக்கு இத்தகைய தடை நேருமானால், ஆண்டின் பெருவிற்பனை கண்ணெதிரே கைநழுவிப் போகும். ஏரிக்குப் பல மதகுகள் வைத்த நம் முன்னோர் அறிவிலிகள் அல்லர். ஒரு மதகு தூர்ந்தாலும் மற்றொன்றின் வழியே கழனிக்கு நீர் பாயும்.

சாவி யாரிடம்?

இனிக் கட்டுரையின் முதன்மையான செய்திக்கு வருகிறோம். பல வழிகளுக்கும் ஒரே இடைமுகம் நல்லது என்று ஒப்புக்கொண்டோம். அந்த இடைமுகம் யாருடைய உடைமை என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. அதற்கு விடை காணாமல் இடைமுகத்தை ஏற்போமாயின், ஒரு முதலாளியிடமிருந்து தப்பி மற்றொரு முதலாளியின் திண்ணையில் போய் அமர்ந்ததாகவே முடியும்.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் நாட்டில் நடந்த ஒன்று இதைத் தெளிவாக்கும். மேலே குறிப்பிட்ட ஜஸ்பே, பெருவணிகர்களுக்கும் பல கேட்வே நிறுவனங்களுக்கும் இடையே பொது இடைமுகமாக நின்று தொழில் செய்துவந்தது. 2024இல் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றுத் தானும் பணம் பெற்றுத் தரும் நிறுவனமாயிற்று. அதன்பின் ரேசர்பே, போன்பே, கேஷ்ஃப்ரீ முதலிய நிறுவனங்கள், இனி வணிகர்கள் இடையில் ஒருவரை வைக்காமல் தங்களோடு நேரடியாகவே இணைய வேண்டும் என்று அறிவித்தன. இரு தரப்பின் நியாயங்களுக்குள்ளும் நாம் புக விழையவில்லை. பெரியவர்கள் இருவர் வழக்காடும்போது நடுவில் நிற்கும் வணிகரின் கதி என்ன என்பதே நமது கவலை. தன் கணக்கு, தன் ஒப்பந்தம், தன் மென்பொருள் என்று வைத்திருந்தவர் இணைப்பை மாற்றிக்கொண்டு தொழிலைத் தொடரலாம். எல்லாவற்றையும் இடையிலிருப்பவர் பெயரில் விட்டுவைத்தவருக்கோ தொடக்கத்திலிருந்து மீண்டும் வேலை.

நமது வட்டாரத்துக் கார் ஆலைகளைப் பார்த்தே இதற்குப் பாடம் கற்கலாம். ஒரே உதிரிப் பாகத்தை இரண்டு மூன்று சிற்றாலைகளிடமிருந்து வாங்குவது வாகனத் தொழிலின் வழக்கம். எந்தச் சிற்றாலை செய்தாலும் பாகம் ஒரே அளவில் பொருந்துகிறது. காரணம், அளவும் வரைபடமும் வாங்குபவரின் கையில் இருத்தல். வரைபடம் சிற்றாலையின் கையில் இருக்குமானால் வாங்குபவர் அதன் கைதியாவார். சங்கத்தின் பொது இடைமுகம் அந்த வரைபடம். அது சங்கத்தின் உடைமையாகவோ, சங்கங்கள் கூடி அமைத்த சம்மேளனத்தின் உடைமையாகவோ இருத்தல் வேண்டும்.

‘சாவி’ என்று நாம் சொன்னது உவமை மட்டுமன்று. கேட்வே நிறுவனம் தன்னோடு இணையும் ஒவ்வொருவருக்கும் தரும் இரகசிய எழுத்துக் கோவைக்குக் கணினித் துறையில் சாவி என்றே பெயர். அதை வைத்திருப்பவர் சங்கத்தின் பெயரால் பணம் கேட்கலாம். பணத்தைத் திருப்பியும் அனுப்பலாம். இணையக் கடை அமைத்துக்கொடுத்த இளைஞரின் மடிக்கணினியில் அச்சாவி கிடப்பதும், அவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போன பின் அதை மாற்றாதிருப்பதும் கண்டிக்கத்தக்கன. ரொக்கப் பெட்டிக்கு இரட்டைப் பூட்டு வைத்து இருவர் பொறுப்பில் இரு சாவி கொடுத்த கூட்டுறவுத் துறையில் வளர்ந்த நாம், இந்தப் புதிய பெட்டிக்கு மட்டும் பூட்டின்றி விடலாமா?

கணக்கு ஒழுங்கு

பல வழியில் பணம் வரும்போது கணக்கில் குழப்பம் நேரும் என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே சில நெறிகளைத் தணிக்கை நோக்கில் எடுத்துரைக்கிறோம்.

பணம் ‘வந்தது’, ‘வரவில்லை’ என்னும் இரண்டு நிலைகளோடு ‘ஐயம்’ என்னும் மூன்றாம் நிலையும் உண்டு. வாங்குபவரின் கணக்கில் பணம் கழிந்திருக்கும். சங்கத்துக்குச் செய்தி வந்திராது. இந்நிலையில் உடனே இரண்டாவது கேட்வே வழியாக மீண்டும் பணம் கேட்டால், சற்றுநேரத்தில் இரண்டு பணமும் வந்து நிற்கக்கூடும். இரண்டு வழி வைத்திருக்கும் சங்கத்துக்கு இது சிறப்பான அபாயம். எனவே ஒவ்வொரு விற்பனைக்கும் சங்கமே ஓர் எண் கொடுத்து, எந்த வழியில் சென்றாலும் அவ்வெண்ணையே உடன் அனுப்புதல் வேண்டும். ஐயத்திலிருக்கும் எண்ணைத் தெளிவாக்கிய பின்னரே மறுவழி நாட வேண்டும். யுபிஐ வழியில் வாங்குபவரின் கணக்கில் கழிந்தும் வணிகருக்கு உறுதி வராத தொகை, 5 நாட்களுக்குள் தானே திரும்ப வேண்டும் என்றும், தவறினால் அதன்பின் நாளொன்றுக்கு ரூ. 100 ஈடு தரப்பட வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்துள்ளது. வாடிக்கையாளர் பதறும்போது இவ்விதியைச் சொல்லி அமைதிப்படுத்தலாம்.

வாங்குபவர் காட்டும் கைப்பேசிப் படத்தை ரசீதாகக் கொள்ளலாகாது. கேட்வே நிறுவனம் சங்கத்தின் கணினிக்கு நேரே அனுப்பும் முத்திரையிட்ட அறிவிப்பே ரசீது. அவ்வறிவிப்பு ஒரே விற்பனைக்கு இருமுறையும் வரலாம். இருமுறை வந்ததை ஒருமுறையே பேரேட்டில் ஏற்ற வேண்டும்.

மேலும், கட்டணம் கழிந்து வந்த நிகரத் தொகையையே விற்பனை என்று எழுதும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். ரூ. 12,500 சேலைக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் கட்டணம் என்று கொண்டால் ரூ. 250, அக்கட்டணத்தின்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி ரூ. 45. வங்கிக்கு வருவது ரூ. 12,205. பேரேட்டில் விற்பனை ரூ. 12,500 என்றும், கட்டணமும் வரியும் தனித் தலைப்பில் ரூ. 295 என்றும் எழுதினால்தான் எந்தக் கேட்வே எவ்வளவு கழிக்கிறது என்று ஒப்பிட முடியும். ஒப்பிட்டவரே பேரம் பேச முடியும்.

மறுப்புகளுக்கு விடை

‘மாதம் இருபது சேலை விற்கும் சிறு சங்கத்துக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு?’ என்பது முதல் மறுப்பு. இது முற்றும் நியாயம். நேரில் விற்பனை செய்யும் சிறு சங்கத்துக்கு அதன் சொந்த வங்கிக் கணக்கோடு இணைந்த ஒரு பொது க்யூஆர் குறி போதும். 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து யுபிஐ வரவுக்கு வணிகரிடம் வங்கி தள்ளுபடிக் கட்டணம் பெறக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. இணைய விற்பனை வேண்டுமெனில், தனித்தனியே மென்பொருள் எழுதிப் பணத்தை விரயமாக்குவதைவிடப் பல சங்கங்கள் சேர்ந்து ஓர் இடைமுகத்தை வைத்துக்கொள்ளலாம். 1935ஆம் ஆண்டில் கைத்தறிச் சங்கங்கள் கூடிக் கோ-ஆப்டெக்ஸ் கண்டதும், தனியே இயலாததைக் கூடிச் செய்வதற்கே அன்றோ? தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களுள் 63,000 சங்கங்களை ஒரே பொது மென்பொருளில் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ரூ. 2,516 கோடி மதிப்பீட்டில் ஒப்புதல் தந்தது. கணக்கு எழுதுவதற்குப் பொது மென்பொருள் பொருந்துமாயின், பணம் பெறுவதற்கும் அது பொருந்தும்.

‘பொது இடைமுகமே பழுதுபட்டால்?’ என்பது இரண்டாம் மறுப்பு. இதுவும் பொருளுடையதே. 2025ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாளும் ஏப்ரல் 12ஆம் நாளும் யுபிஐ ஏற்பாடே நாடெங்கும் சில மணி நேரம் தடைபட்டதை அங்கத்தினர்கள் அறிவார்கள். பொதுவழி எவ்வளவு அகலமானாலும் அதுவும் ஒரு வழியே. ஆதலால் ரொக்கம் வாங்கும் கல்லாவையும், ரசீதுப் புத்தகத்தையும், வங்கிக் கணக்குக்கு நேரே பணம் அனுப்பும் வழியையும் எந்தச் சங்கமும் மூடிவிடலாகாது. புதியது வந்ததென்று பழையதைக் கொளுத்துவது சிக்கனமன்று.

‘எல்லாவற்றையும் ஒரே முகமாக்கினால் ஒவ்வொரு நிறுவனத்தின் தனிச் சலுகையும் மறைந்துபோமே’ என்பது மூன்றாம் மறுப்பு. தவணை வசதி ஒன்றில் நன்றாயிருக்கும். வெளிநாட்டு அட்டை மற்றொன்றில் நன்றாயிருக்கும். ஆகவே பொதுவானவற்றைப் பொது முகத்தில் வைத்து, தனிச் சிறப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கதவு விட்டுவைக்கலாம். அத்தகைய சிறப்பு எதுவும் சங்கத்தின் அன்றாட விற்பனைக்கு ஆதாரமாகிவிடாதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேரவையில் கேட்க வேண்டியவை

அடுத்த பேரவைக் கூட்டத்தில் இணைய விற்பனை பற்றிய தீர்மானம் வருமானால், கணினி படிக்காத அங்கத்தினரும் எழுந்து கேட்கத்தக்க ஐந்து கேள்விகள் உண்டு. முதலாவது, கேட்வே ஒப்பந்தம் சங்கத்தின் பெயரில் நேரடியாக உள்ளதா, பணம் சங்கத்தின் சொந்தக் கணக்கிலேயே வந்து சேருமா? இரண்டாவது, விற்பனை எண்ணும் வரவுப் பதிவும் சங்கத்தின் வசம் நாள்தோறும் சேர்கின்றனவா? மூன்றாவது, இரண்டாவது வழி ஒன்று உண்டா, அதில் மாதம் ஒருமுறையேனும் உண்மையாகப் பணம் செலுத்திச் சோதிக்கிறார்களா? நான்காவது, இரகசியச் சாவிகள் யார் பொறுப்பில் உள்ளன, பொறுப்பாளர் மாறும்போது சாவியும் மாற்றப்படுகிறதா? ஐந்தாவது, மென்பொருள் செய்து தருவோர் விலகிப்போனால் மென்பொருளும் பதிவுகளும் சங்கத்திடம் ஒப்படைக்கப்படும் என்று எழுத்தில் இருக்கிறதா?

இவ்வைந்துக்கும் ‘ஆம்’ என்று விடை வருமாயின் கைதூக்கி ஆதரிக்கலாம். ஒன்றுக்கேனும் விடை மழுப்பலாக வருமாயின் தீர்மானத்தை ஒரு மாதம் ஒத்திவைப்பதால் குடிமுழுகிவிடாது. அவசரமாகக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அவிழ்ப்பதற்கு ஆண்டுகள் ஆகும்.

திறமையுள்ளவர் எவராயினும் நம் பணத்தைப் பெற்றுத் தரட்டும். அதற்குரிய கட்டணத்தை மனமுவந்து கொடுப்போம். அவர்களுள் நல்லவரைத் தேர்ந்தெடுக்கவும், தகாதவரை மாற்றவும், இருவரை ஒருங்கே வைத்துக்கொள்ளவும் சங்கத்துக்கு உள்ள சுதந்திரத்தை மட்டும் எவருக்கும் விற்கவேண்டாம். திரூரிலும் காஞ்சிபுரத்திலும் 1904இல் பங்குத் தொகை கட்டியவர்கள் நமக்கு விட்டுச் சென்ற சொத்து அந்தச் சுதந்திரமே. அதைக் காத்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது அங்கத்தினர்களின் பொறுப்பாகும்.